சக்கரம் வரைந்த கொடி

விரித்தால் ஒரு கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிது. முக்கோண வடிவம், நடுவில் ஒரு பல்சக்கரம். பாய்மரப் படகின் மரத்தில் மெல்லிய கயிறு ஒன்றில் ஏறி நிற்கும் இந்தத் துணியைக் கரையிலிருந்து பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பக்கத்துப் படகுக்காரருக்கு அது போதுமான அறிமுகம். இந்தப் படகில் இருப்பவர் ரோட்டரிக்காரர், இவரிடம் போய்ப் பேசலாம், உதவி கேட்கலாம், இரவு சாப்பாட்டுக்கு அழைக்கலாம். 1947இல் படகோட்டுவதில் பிரியம் கொண்ட ரோட்டரிக்காரர்கள் சிலர் தங்கள் படகுகளில் சக்கரக் கொடியை ஏற்றத் தொடங்கினார்கள். தங்களை 'ரோட்டரியாளர் அனைத்துலகப் படகோட்டித் தோழமை' என்று அழைத்துக்கொண்டார்கள். ரோட்டரிக்குள் பொழுதுபோக்கின் பெயரால் சேர்ந்த குழுக்கள் எத்தனையோ உண்டு. இடையில் நிற்காமல் மிக நீண்ட காலம் நடந்துவருவது இந்தப் படகுக்காரர்களின் குழுதான்.

கடலே இல்லாத பீடோரிலிருந்து இந்தக் கொடியின் கதையை எழுதுகிறேன். ஈப்போவுக்குத் தெற்கே, தாப்பாவைத் தாண்டி, பழைய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கொய்யாவும் பெத்தாயும் விற்கும் ஊர் எங்களுடையது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த நிலம் இப்போது பெரும்பாலும் செம்பனை. பீடோருக்கும் படகுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. அதைச் சொல்லக் கொடியிலுள்ள சக்கரம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

1905 பிப்ரவரி 23 இரவு, சிக்காகோ நகரத்தின் டியர்போர்ன் தெருவில், யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். கஸ்டாவஸ் லோயர் சுரங்கப் பொறியாளர், அறை அவருடைய அலுவலகம். சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வியாபாரி. ஹைரம் ஷோரி தையற்கடைக்காரர். பெருநகரத்தில் ஆளுக்கு ஆள் அந்நியராகிப் போன காலத்தில், சிற்றூரில் இருப்பதுபோல் ஒருவரையொருவர் தெரிந்து பழக ஓர் இடம் வேண்டும் என்பது ஹாரிஸின் ஆசை. இன்று ஒருவர் அலுவலகம், அடுத்த முறை இன்னொருவர் அலுவலகம் என்று சுழன்று சுழன்று கூடினார்கள். அந்தச் சுழற்சியே 'ரோட்டரி' கழகத்தின் பெயராயிற்று, சின்னமும் ஆயிற்று.

முதல் சின்னத்தை வரைந்தவர் மான்டேக் பேர் என்ற செதுக்குக் கலைஞர், அந்தக் கழகத்தின் உறுப்பினர். சாதாரணக் குதிரைவண்டிச் சக்கரம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அது அசையாமல் நிற்பதுபோல் இருக்கிறது என்று தோழர்கள் குறை சொல்லவே, சக்கரத்தின் அடியில் புழுதி கிளம்புவதுபோலச் சேர்த்தார். பிறகு வண்டிச் சக்கரம் இயந்திரத்தின் பல்சக்கரம் ஆயிற்று. 1920களில் இருபத்துநான்கு பற்கள், ஆறு ஆரங்கள் என்று கணக்கு நிலைபெற்றது. அப்போதும் ஒரு குறை இருந்தது. சக்கரத்தின் நடுத்துளையைப் பார்த்த பொறியியல் தெரிந்தவர்கள், அச்சுத் தண்டோடு சக்கரத்தைப் பிணைக்கும் ஆப்பு நுழைய ஒரு காடி இல்லையே என்றார்கள். காடி இல்லாவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், தண்டு சுற்றாது, எந்த வேலையும் நடக்காது. 1924இல் அந்தச் சிறு காடியைச் சேர்த்தார்கள். இன்றைக்கும் ரோட்டரிச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் நடு வட்டத்தின் ஓரத்தில் ஒரு சதுர வெட்டு தெரியும். இந்தக் கொடியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த வெட்டுதான். கூடிச் சாப்பிடுவதும் சிரித்துப் பேசுவதும் சக்கரம் சுற்றுவது. அந்தச் சுற்று வெளியே யாருக்காவது வேலை செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது காடி.

வேலை தொடக்கத்திலேயே நடந்தது. சிக்காகோ கழகம் 1907இல் கையில் எடுத்த முதல் பொதுத் தொண்டு, நகர மண்டபத்தின் அருகே ஒரு பொதுக் கழிப்பறை. பெரிய மனிதர்கள் கூடி நகரத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக் கழிப்பறையில் வந்து நின்றதை நான் உயர்வாக நினைக்கிறேன். தெருவில் நடக்கிறவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

சக்கரம் எங்கள் பக்கம் வந்தது ஜேம்ஸ் டேவிட்சன் என்ற கனடாக்காரர் வழியாக. கல்கரி நகரத்தைச் சேர்ந்த அவர் 1928 ஆகஸ்டில் மனைவி லில்லியனையும் மகள் மார்ஜரியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம் என்று தொடங்கி, போகிற துறைமுகத்திலெல்லாம் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசி, இருபதுக்கும் மேற்பட்ட ரோட்டரி கழகங்களை உருவாக்கினார். செலவில் பெரும்பங்கு அவருடைய சொந்தப் பணம். சென்னையும் கொழும்பும் 1929இல் சேர்ந்தன. அடுத்து மலாயா. கோலாலம்பூர், சிரம்பான், கிள்ளான், மலாக்கா, பினாங்கு என்று வரிசையாகக் கழகங்கள் எழுந்தன. அந்த வரிசையில் ஈப்போவும் உண்டு. சிங்கப்பூர் கழகம் 1930 ஜூனில் முறைப்படி பிறந்தது.

அந்தக் காலத்து மலாயாவில் இது சிறிய காரியம் அல்ல. வெள்ளைக்காரர் மட்டுமே நுழையக்கூடிய கிளப்புகள் ஊருக்கு ஊர் இருந்தன. ரோட்டரி மேசையில் ஆங்கிலேயரும் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே 1930ஆம் ஆண்டில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்தன. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் மூட்டையோடு கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் குறைந்த கூலிக்கு இருட்டோடு எழுந்து பெரட்டு என்ற ஆள்கணக்குக்குப் போய், தங்கள் மர வரிசையான நிரையைப் பிடித்து, மங்குக் கிண்ணத்தில் சொட்டும் பாலுக்காகக் காத்திருந்தார்கள். சக்கரக் கொடி ஈப்போவில் ஏறியபோது பீடோர்த் தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்க வழியில்லை. பெண்களை உறுப்பினராக ஏற்கவே ரோட்டரிக்கு 1989 வரை ஆயிற்று. தோட்டத்தில் பெண்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே ஆணுக்குச் சமமாகப் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முன்னோருக்குப் படகும் கப்பலும் வேறு பொருள் கொண்டவை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்கள் அவர்கள். 1926இல் கட்டிய 'ரஜுலா' கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தக் கடலைக் கடந்து ஆள் ஏற்றி இறக்கியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மேல்தட்டில் ஏற்றிப்போக அதற்கு அனுமதி இருந்தது. மேல்தட்டுப் பயணி என்றால் படுக்கை இல்லை, தடுப்பு இல்லை. பாயை விரித்த இடம் வீடு. பீடோரில் இன்று இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கிட்டத்தட்ட எல்லாமே அப்படிக் கடல் கடந்து வந்தவைதான். பொழுதுபோக்குக்காகப் படகேறியவர் அவர்களில் யாரும் இல்லை. வாந்தி, உப்புக்காற்று, கரையில் காத்திருக்கும் கங்காணி. கடல் என்ற சொல்லோடு வீட்டில் வந்த நினைவுகள் இவை. வந்த தலைமுறைக்குப் பிறகு கடலும் ஆறும் எங்களுக்கு விலகிப் போய்விட்டன. நீந்தத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஜப்பானியர் வந்ததும் மலாயாவில் ரோட்டரி கழகங்கள் அடங்கிப் போயின. அந்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போனவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதையில் மாண்டார்கள். போர் முடிந்து கழகங்கள் மெல்ல எழுந்தபோது உலகம் வேறாகியிருந்தது. 1947 ஜனவரி 27 அன்று பால் ஹாரிஸ் இறந்தார். அவர் நினைவாகக் குவிந்த நன்கொடையில் அதே ஆண்டு பதினெட்டு மாணவர்கள் வெளிநாடு போய்ப் படித்தார்கள். அதே ஆண்டில்தான் சக்கரம் படகின் மரத்திலும் ஏறியது.

இனி கொடி தண்ணீரில் வாழும் வாழ்க்கை. துறைமுகத்துக்குள் நுழையும் வெளிநாட்டுப் படகு முதலில் ஏற்றுவது மஞ்சள் கொடியை. படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்பது அதன் பொருள். கடற்துறை, சுங்கம், குடிநுழைவு அலுவலகங்களில் முத்திரை விழுந்தபின் மஞ்சள் இறங்கும், அந்த நாட்டுக் கொடி மரியாதைக்காக ஏறும். எங்கள் மாநிலக் கடற்கரையின் லூமுட்டிலோ பங்கோரிலோ நின்று பார்த்தால் ஆஸ்திரேலியப் படகில் மலேசியக் கொடி பறப்பதைக் காணலாம், அது இந்த வழக்கம்தான். படகின் சொந்த நாட்டுக் கொடி பின்பக்கம். சங்கத்தின் முக்கோணக் கொடிக்குப் பழைய வழக்கப்படி மரத்தின் உச்சி. இப்போது உச்சியில் காற்றளக்கும் கருவியும் விளக்கும் ரேடியோ ஆன்டெனாவும் இடம் பிடித்துவிட்டதால் பல படகுகளில் சங்கக் கொடி குறுக்குக் கட்டைக்குக் கீழே, சிறு கப்பி வழியாக ஓடும் கயிற்றுக்கு இறங்கிவிட்டது.

நம் வெயிலில் அந்தத் துணிக்கு ஆயுசு குறைவு. கயிற்றைத் தொட்டிருக்கும் பக்கம் மடித்துத் தைத்த பட்டை, அது தாங்கும். தாங்காதது கூர்முனை. இரவும் பகலும் காற்றில் அடித்துக்கொண்டே இருப்பதால் முனைத் தையல் முதலில் விடும். இழை இழையாகப் பிரியும், சாயம் வெளுக்கும், சக்கரத்தின் மஞ்சள் பழுப்பாகும். முனை கிழிந்த கொடியைப் பறக்கவிடுவது மரியாதைக் குறைவு என்பதால், பயணத்தில் இருப்பவர்கள் துறைமுகம் நெருங்கும்போது மட்டும் ஏற்றுவதும் உண்டு. பழையது கந்தலானால் புதியது தைக்க வேண்டும். ஒரு படகு ஊர் சுற்றி முடிப்பதற்குள் இப்படிப் பல கொடிகள் பிறந்து மடிந்துவிடும். சக்கரம் மட்டும் தொடரும்.

கொடி கைமாறும் வழக்கமும் உண்டு. ஒரு படகுச் சங்கத்தைச் சேர்ந்தவர் இன்னொரு ஊர்ச் சங்கத்துக்குப் போனால் தன் சங்கக் கொடியைக் கொடுத்து அவர்களுடையதை வாங்கிக்கொள்வார். உலகின் பழைய படகுச் சங்கங்களின் சுவர்களில் இப்படி வந்த முக்கோணங்கள் வரிசையாகத் தொங்கும். நம்மவர்க்குத் தெரிந்த பழைய சங்கம் என்றால் துறைமுகப் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய மெட்ராஸ் படகுச் சங்கம். படகோட்டித் தோழமைக்குத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. ஊர்தோறும் உள்ள அதன் கிளைகளுக்குப் 'படையணி' என்று பொருள்படும் பெயர். பொறுப்பாளர்களுக்குக் கடற்படைப் பாணியில் கொமடோர், துணைக் கொமடோர் என்று பட்டங்கள். சேர்ந்து படகில் போவது, நங்கூரமிட்ட இடத்தில் ஒருவர் படகில் இன்னொருவர் சாப்பிடுவது, இயந்திரம் கெட்டால் உதிரிப் பாகம் கொடுப்பது, வருகிற புயலைப் பற்றி ரேடியோவில் எச்சரிப்பது எல்லாம் இந்தத் தோழமையில் அடங்கும். இதோடு ரோட்டரியின் தொண்டுக்குக் கை கொடுப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

வசதியுள்ளவர்கள் படகில் கூடிச் சாப்பிடுவதைத் தொண்டு என்று சொல்லலாமா என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும். ஆனால் பேரிடர் வந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தபின் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உதவிப் பொருள் கிடைப்பது அரிதல்ல, அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்க நம்பகமான ஆள் கிடைப்பதுதான் அரிது. அந்த ஆளை வெள்ளம் வந்தபின் தேட முடியாது. முன்பே பழகியிருக்க வேண்டும். கொடி மாற்றிக்கொண்ட இரவுச் சாப்பாடுகள் அங்கேதான் பயன்படுகின்றன.

அதற்கு நல்ல சாட்சி, சக்கரத்தோடு பயணம் செய்த ஒரு பச்சைப் பெட்டி. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீண்டுகிடக்கும் லிஸார்ட் முனையை ஒட்டி ஹெல்ஸ்டன் என்ற சிற்றூர். புது நூற்றாண்டு பிறந்த 2000இல் அங்குள்ள ரோட்டரி கழகத்தில், முன்பு கடற்படையில் இருந்த டாம் ஹெண்டர்சன் ஒரு யோசனை சொன்னார். பேரிடரில் வீடிழந்தவர்களுக்கு உணவும் மருந்தும் போகின்றன, இரவு தலைசாய்க்க இடம் போவதில்லை. ஒரு குடும்பத்துக்குத் தேவையான கூடாரம், போர்வை, அடுப்பு, பாத்திரம், தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பொருள், கைக்கருவிகள், பிள்ளைகளுக்கு வரைந்து விளையாடச் சில சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்பலாம். 'ஷெல்டர்பாக்ஸ்' பிறந்தது. கூடாரத்தை எடுத்தபின் வெறும் பெட்டியும் வீணாகாது, தண்ணீர் பிடிக்கவும் அரிசி வைக்கவும் பயன்படும்.

முதல் தவணையாக 143 பெட்டிகள் போன இடம் இந்தியா. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது அவை புறப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்தச் சிற்றூர்க் கழகத்தின் முயற்சி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளாகப் பெருகி, இலங்கைக்கும் இந்தோனேசியாவுக்கும் போனது. 2012இல் ரோட்டரி இயக்கம் ஷெல்டர்பாக்ஸைத் தன் முறையான கூட்டாளியாக ஏற்றுக்கொண்டது.

பெட்டி விமானத்திலிருந்து இறங்கும் இடத்தில் கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது. சுங்கத்தில் நிற்கும் பெட்டியை விடுவிக்க வேண்டும். லோரி பிடிக்க வேண்டும். எந்தச் சாலை உடைந்திருக்கிறது, எந்தக் கிராமத்துக்கு இதுவரை யாரும் போகவில்லை, அங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அந்த ஊர் மொழி வேண்டும். இவற்றை ஹெல்ஸ்டனில் பெட்டிக்குள் அடைத்து அனுப்ப முடியாது. இறங்கும் ஊரில் அதே சக்கரத்தைச் சட்டையில் குத்தியிருக்கும் உள்ளூர்க்காரர் வந்து வாங்கிக்கொள்கிறார். அவர் மருந்துக்கடைக்காரராக இருக்கலாம், பள்ளித் தலைமையாசிரியராக இருக்கலாம். அவரால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம், ஊர் தெரியாத பெரிய நிறுவனத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

உள்ளூர்க்காரரைக் கேட்காமல் அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஆழிப்பேரலை சாட்சி. தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரங்களும் படகுகளும் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. உலகம் முழுவதிலிருந்தும் அமைப்புகளும் சங்கங்களும் புதுப் படகு வாங்கித் தர ஓடிவந்தன. படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் தொண்டு. பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம், கரையில் நிறுத்திப் படம் எடுக்கலாம். முடிவில் பல இடங்களில் ஆழிப்பேரலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் சேர்ந்துவிட்டன. அவசரத்தில் கட்டிய சிலவற்றின் தரமும் சரியில்லை. கடலில் மீன் அதிகமாகவில்லை. மீன் விற்கும் பெண்களுக்கும், சொந்தப் படகில்லாமல் கூலிக்குப் போகும் ஆட்களுக்கும் அந்த உதவி வெள்ளத்தில் கிடைத்தது மிகக் குறைவு. கொடுப்பவர் மனம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது என்பதை நாகப்பட்டினத்துக் கரையில் கற்றுக்கொள்ளலாம்.

இளம்பிள்ளைவாதத்தை ஒழிப்பதில் சக்கரம் செய்த வேலை எல்லாருக்கும் தெரிந்ததே. 1979இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, 1985இல் உலக இயக்கமாகி, இந்தியாவில் 2011 ஜனவரியில் கடைசி நோயாளி வரை கொண்டுவந்து முடித்தார்கள். நம் மலேசியாவில் மறதிக்கு இடமில்லை. இருபத்தேழு ஆண்டுக்குப் பிறகு 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்கு அந்த நோய் வந்தது.

இப்போது பீடோருக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது 2024 பிப்ரவரியில். அந்த மாதம் முதல் நாள் இரவு, பீடோர் தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பி ஓடினார்கள். பெரும்பாலோர் மியன்மாரின் ரோஹிங்யாக்கள். நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஒருவர் இறந்தார். அந்தமான் கடலைப் பழைய மீன்பிடிப் படகுகளில் கடந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற இனம் அது. அதே கடலில்தான் சக்கரக் கொடிப் படகுகளும் லங்காவிக்கும் பங்கோருக்கும் வருகின்றன. ஒரு படகுக்கு மஞ்சள் கொடி ஏற்றியதும் முத்திரை கிடைக்கிறது, இன்னொரு படகில் வந்தவருக்கு முள்வேலி. நாடுகளுக்குச் சட்டம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கும் ஒரு சட்டம் உண்டு. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தத்தின் 98ஆம் பிரிவு, கடலில் ஆபத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், தன் கப்பலுக்குப் பெரும் ஆபத்து நேராதவரை, கப்பலின் தலைவர் உதவ வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் விதிக்க வேண்டும் என்கிறது. படகோட்டிகளின் தோழமை என்று பெயர் வைத்துக்கொண்ட எவரும் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்க முடியாது. மேல்தட்டில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாங்களும் அப்படியே.

எங்கள் ஊருக்கு இந்தக் கொடியிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முன்பு சொன்ன நீச்சல்.

எங்கள் பேராக் மாநிலம் ஈயத்தால் எழுந்தது. ஈயம் தீர்ந்தபின் மிஞ்சியவை லம்பக் குட்டைகள். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கவும், எங்கள் பக்கமும், பச்சை நிறத் தண்ணீர் அசையாமல் கிடக்கும் குழிகள். கரையில் நின்றால் ஆழம் தெரியாது. ஆற்றங்கரைபோல் படிப்படியாக இறங்காது, இரண்டாவது அடியிலேயே கால் எட்டாமல் போகும். கரையோ மணல், பிடித்து ஏற முயன்றால் சரியும். இவை தவிர மழைக்குச் சில மணி நேரத்தில் பொங்கும் மலையாறுகள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடும் அருவிகள். தோட்டம் உடைந்து ஊருக்குள் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடுமுறையில் காசில்லாமல் போகக்கூடிய இடம் தண்ணீர்தான். ஒருவன் வழுக்கி விழுவான். நீந்தத் தெரியாத நண்பன் கை கொடுக்க இறங்குவான். செய்தித்தாளில் இரண்டு படங்கள் வரும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முப்பது வயதுக்கும் குறைந்தவர்கள். இதைத் தடுக்க அந்த நிறுவனம் சொல்லும் வழிகளில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. தண்ணீருக்குத் தடுப்பு போடுவது, சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் நடந்துகொள்ளும் முறையும் கற்றுக்கொடுப்பது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீட்கும் முறையும் நெஞ்சழுத்தி மூச்சு மீட்பதும் பழக்குவது.

இந்த அறிவெல்லாம் படகுக்காரர்களிடம் குவிந்து கிடக்கிறது. விழுந்தவரை நோக்கி நீ குதிக்காதே, கழியை நீட்டு, கயிற்றை எறி, மிதப்பதை எறி என்பது அவர்களுக்கு முதல் நாள் பாடம். உயிர்காப்புச் சட்டையை எப்படிக் கட்டினால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும், கட்டாமல் விட்டால் எப்படிக் கழன்று போகும் என்று அவர்கள் கைகளுக்குத் தெரியும். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் டின்னை மூடி இறுக்கி, பத்து மீட்டர் கயிறு கட்டினால் ஓர் உயிர் காக்கும் பொருள் தயார். அதைக் குட்டைக்கரை மரத்தில் மாட்டி வைக்கலாம். இதைச் சொல்லித்தர வெளிநாட்டு நிதி வேண்டாம், ஒரு சனிக்கிழமை வேண்டும்.

பீடோர் ஆறு மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊரைக் கடந்து, தெலுக் இந்தான் பக்கம் பேராக் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. தாப்பா ரோடு என்ற ஊரிலிருந்து தெலுக் இந்தானுக்கு 1893இல் ரயில் போட்டு, ஈயத்தையும் பிறகு ரப்பரையும் துறைமுகத்துக்கு இறக்கினார்கள். இங்கே விளைந்ததெல்லாம் அந்த வழியே கடலுக்குப் போயிற்று. கடல் அறிந்தவர்களின் அறிவு அதே வழியே திரும்பி மேலே வர வேண்டிய நேரம் இது.

ஆகவே லூமுட்டிலும் பங்கோரிலும் படகு வைத்திருப்பவர்களுக்கு, எந்தச் சங்கத்துக் கொடியானாலும் சரி, ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையில் பயிற்சி பெற்ற இரண்டு பேரை, பத்து உயிர்காப்புச் சட்டைகளோடு, உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு அனுப்புங்கள். வருவதற்கு முன் அந்தந்த ஊர்த் தமிழ்ப்பள்ளி, மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளித் தலைமையாசிரியர்களிடமும், செமாய்ப் பழங்குடிக் கம்போங்குகளின் தலைவர்களிடமும் கேளுங்கள். எந்தக் குட்டையில் பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் ஒரு சொல். ஆட்கள் வரும்போது பையன்களை மட்டும் அனுப்பாதீர்கள், பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள் ஆண்டுதோறும் ஜூலை 25. அதற்குள் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டைக்கரையில் கயிறு கட்டிய டின் ஒன்றை மாட்டிவிடுங்கள்.